கவுன்சலிங்கை யார் கற்கலாம்? கும்மிடிப்பூண்டியை முன்வைத்து ஒரு பார்வை

2000-ஆம் ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் காசநோய்க்கு மருந்து எடுத்தவர்களில் யார் பாதியில் விட்டார்கள் என்று சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் கணக்கெடுத்தார்கள். 2002-இல் வெளிவந்த அந்த ஆய்வு, ஆண்களும் முன்பே ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் மருந்தை விடுவது அதிகம் என்று காட்டியது. மாத்திரை இலவசம். விழுங்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஆள் உண்டு. காசநோய்த் திட்டத்தின் முறையே அதுதான். குடியைப் பற்றி நோயாளியோடு நாலு முறை உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் திட்டத்தில் இடம் வைக்கப்படவில்லை.

அப்படிப் பேசுவதற்கு இன்று முறைகள் இருக்கின்றன. சி.பி.டி. என்று மனநலத் துறையில் எல்லோரும் சொல்லும் அறிதல்–நடத்தைச் சிகிச்சையிலிருந்து பிரித்தெடுத்த குறுகிய வடிவங்கள் அவை. நான்கிலிருந்து எட்டு அமர்வு, அமர்வுக்கு அரைமணியோ முக்கால் மணியோ. மனச்சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை, குடி ஆகிய அன்றாடப் பிரச்சினைகளுக்கானவை. இவற்றை யார் கற்கலாம், எவ்வளவு கற்றால் போதும், கற்றவர் கையில் அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. உருக்கு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் நின்று பார்க்கும்போது அந்தப் பதில்களில் எவை தாங்குகின்றன என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை.

சானடோரியமும் வீடும்

இதே வகைக் கேள்வி ஒன்றுக்குச் சென்னை ஒருமுறை உலகத்துக்கே பதில் சொல்லியிருக்கிறது. காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தே தீர வேண்டும் என்பது 1950-கள் வரை மருத்துவ வேதம். 1956-இல் தொடங்கிய சென்னை மையம், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியைக் குடிசை வீடுகளிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. சாப்பாடு குறைவு, இட நெருக்கடி, வேலைப்பளு எல்லாம் இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள் என்று 1959-இல் முடிவு வந்தது. கட்டடமும் படுக்கையும் சிகிச்சையின் உடம்பு என்று நினைத்தது தவறு, மருந்தே அதன் உயிர் என்று தெரிந்தது.

பேச்சுச் சிகிச்சையிலும் இதையே கேட்டார்கள்: எது உடம்பு, எது உயிர்? 1952-இல் ஹான்ஸ் ஐசென்க் உளச்சிகிச்சையின் பயனையே சந்தேகித்து எழுதியது பெரிய சண்டையைக் கிளப்பியது. 1950-களின் நடுவில் ஆல்பர்ட் எல்லிஸும் 1960-களில் ஆரன் பெக்கும் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவதைக் குறைத்து, இன்றைய எண்ணத்தையும் இன்றைய செயலையும் கையில் எடுத்தார்கள். வேலையைப் படிப்படியாக எழுதிவைக்க முடிந்தது. எழுதிவைக்க முடிந்ததைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரப், ஹாட்லி இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைப் பயிற்சியே இல்லாத, கனிவான கல்லூரிப் பேராசிரியர்களிடம் பேசிய மாணவர்களும் அனுபவமுள்ள சிகிச்சையாளர்களிடம் பேசிய மாணவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். மாணவர்கள் பெரிய நோயாளிகள் அல்லர் என்று துறையினர் உடனே மறுத்தார்கள். அந்த மறுப்பு இன்றும் செல்லும்.

இந்தியாவில் கேள்வி வேறு பக்கமிருந்து எழுந்தது. நம் ஊர் நோயாளி தன் மனதுக்குள் புகுந்து காரணம் தேடுவதைவிட நேரடியான யோசனையையும் ஆதரவையும் எதிர்பார்க்கிறார் என்று சூர்யாவும் ஜெயராமும் 1964-இல் எழுதினார்கள். ஜே.எஸ். நெக்கி 1973-இல் குரு–சிஷ்ய உறவையே சிகிச்சைக்கு மாதிரியாக முன்வைத்தார். அதற்கும் முன்னால், அமிர்தசரஸில் வித்யா சாகரும் வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் நோயாளியோடு குடும்பத்தையும் உள்ளே தங்கவைத்துப் பழகியிருந்தார்கள்.

அந்தக் கவனம் அரசுத் திட்டங்களுக்குள் நுழையவில்லை. 1975-இலிருந்து சண்டிகர் பக்கத்து ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூரு பக்கத்து சக்கல்வாராவிலும் கிராமச் சுகாதார ஊழியர்களுக்கு மனநோயை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் மேல் 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் எழுந்தன. தொடக்க மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. ஊழியர் கற்றது கண்டுபிடிக்கவும் அனுப்பவும் மாத்திரை தீர்ந்ததா என்று விசாரிக்கவும்தான். சுமீத் ஜெயினும் சுஷ்ருத் ஜாதவும் 2009-இல், கொள்கையில் இருந்த சமூகப் பங்கேற்பையெல்லாம் கடைசியில் மாத்திரை விழுங்கிவிட்டது என்று எழுதியது இதைப் பற்றித்தான்.

பட்டம் உள்ளவரே பேசட்டும்

முதல் நிலைப்பாடு எளிது. இது சிகிச்சை, படித்தவர்கள் செய்யட்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று பதிவு பெற முதுகலைக்கு மேல் ஈராண்டு எம்.ஃபில். பயிற்சி தேவைப்பட்டது காரணமில்லாமல் அல்ல. 'அசதியா இருக்கு, எதுலயும் பிடிப்பில்ல' என்று வருபவருக்குத் தைராய்டு குறைவாக இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், இருதுருவ மனநோயின் இறங்குமுகமாக இருக்கலாம். நாளை தற்கொலை செய்துகொள்ளத் தேதி குறித்தவராகவும் இருக்கலாம். எட்டு அமர்வு மட்டும் தெரிந்தவர் அந்த எட்டுக்குள் அடங்காததைப் பார்க்கத் தவறுவார் என்ற அச்சத்தை யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் எண்ணிக்கை. நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்களின் பங்கு நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை இருந்ததாக அது சொன்னது. 2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் தினக்கூலிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. படித்தவர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் அந்த வாதம் பேசுவதில்லை.

ராவல்பிண்டியும் கோவாவும்

பட்டம் இல்லாதவரும் கற்றுச் செய்யலாம் என்ற இரண்டாம் நிலைப்பாட்டுக்கு 2000-க்குப் பிறகுதான் உறுதியான சான்று கிடைத்தது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதார ஊழியர்களுக்குச் சி.பி.டி. அடிப்படையிலான 'நலமாகச் சிந்திப்போம்' என்ற பொருள் தரும் பயிற்சியைக் கொடுத்தார்கள். மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகள் ஆய்வில் இருந்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், பயிற்சி பெற்ற ஊழியர் சென்ற வீடுகளில் 23 சதவீதப் பெண்களுக்கே மனச்சோர்வு தொடர்ந்தது, மற்ற வீடுகளில் 53 சதவீதம். 2008-இல் வந்த முடிவு இது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில், சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பலகையில் உட்கார்ந்து பேசும் பாட்டிமார்களை வைத்து டிக்சன் சிபாண்டா நடத்தி, 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போனது.

நமக்கு நெருக்கமான சான்று கோவாவிலிருந்து வருகிறது. விக்ரம் படேலும் சங்கத் அமைப்பும் 2010-இல் வெளியிட்ட மானஸ் ஆய்வில் மனநலப் பட்டமில்லாத ஆலோசகர்கள் பணியாற்றினார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நல்ல பலன் இருந்தது. தனியார் கிளினிக்குகளில் வித்தியாசமே தெரியவில்லை, அங்கே வழக்கமான கவனிப்பிலேயே ஏறக்குறைய அதே அளவு பேர் தேறியிருந்தார்கள். தங்கள் டாக்டரை ஏற்கெனவே நம்பி, அவர் பேச்சைக் கேட்கும் நோயாளிகள் அவர்கள் என்பது ஒரு விளக்கம். பிறகு 2017-இல் இரண்டு முடிவுகள் வந்தன. கடுமையான மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொடுத்த பிரிவில் மூன்றாம் மாதம் 64 சதவீதம் பேர் தேறினார்கள், வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம். தீங்கு தரும் அளவு குடிக்கும் ஆண்களுக்கு நான்கு அமர்வு வரை கொடுத்ததில் தேறியவர்கள் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 26. குடியில் வித்தியாசம் சிறிதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருந்தை விட்ட அந்தத் திருவள்ளூர் காசநோயாளிகளுக்குப் பத்துப் புள்ளி வித்தியாசமும் உயிர்க் கணக்கு.

அமர்வில் என்னதான் நடக்கிறது? மனச்சோர்வுக்கான கோவா முறையின் உயிர்நாடி 'செயல் தூண்டல்'. மனம் சோர்ந்தவர் செய்வதைக் குறைக்கிறார், குறைத்ததால் சந்தோஷம் தரும் எதுவும் நடப்பதில்லை, நடக்காததால் இன்னும் சோர்கிறார். இந்தச் சுழலை எண்ணத்தின் பக்கமிருந்து வெட்டாமல் செயலின் பக்கமிருந்து வெட்டுவது. நைட் ஷிப்டில் இருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆலோசகர் அவரிடம் ஒரு தாளைக் கொடுக்கிறார். ஏழு கட்டம், ஏழு நாள்.

"நேத்து காலைல ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணீங்க தம்பி?"

"ஒண்ணும் பண்ணலக்கா. படுத்துனு இருந்தேன்."

"தூங்கினீங்களா?"

"தூக்கம் எங்க வருது. போன் பாத்துனு இருந்தேன். அப்புறம் ரெண்டு மணிக்கு எழுந்து டீ குடிச்சேன்."

"டீ கடைக்குத் தனியாவா போனீங்க?"

"எதிர் ரூம் பையன் வந்தான்."

தாளில் 'டீ, எதிர் ரூம் பையன்' என்று எழுதச் சொல்லி, அப்போது மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு எண் போடச் சொல்கிறார் ஆலோசகர். அவர் நாலு போடுகிறார். படுத்திருந்த நேரத்துக்கு ஒன்று. முதல் அமர்வு கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருக்கும் மூன்றை அவரே தன் கையால் எழுதிப் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் அந்த டீயை இரண்டு தடவை ஆக்கலாமா என்பதே வீட்டுப்பாடம். இதில் அறிவுரை இல்லை, 'மனச தளரவிடாதீங்க' இல்லை. கற்பவர்களுக்கு மிகக் கஷ்டமாக இருப்பதும் இதுவே. நம் ஊரில் கஷ்டம் சொல்பவரிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு போலத் தோன்றும். சூர்யாவும் ஜெயராமும் சொன்னது இங்கே வந்து நிற்கிறது.

முறைக்கு எவ்வளவு பங்கு

இந்தச் சான்றுகளை ஏற்பவர்களுக்குள்ளேயே ஒரு பிளவு உண்டு. தேறியதற்குக் காரணம் அந்தத் தாளும் கட்டமுமா, வாராவாரம் ஒருவர் வந்து அக்கறையாகக் கேட்டதா?

1996-இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் சி.பி.டி.யைத் துண்டு துண்டாகப் பிரித்து 150 பேரிடம் சோதித்தார்கள். எண்ணத்தைத் திருத்தும் பகுதியை விட்டுவிட்டுச் செயல் தூண்டலை மட்டும் கொடுத்தாலும் முழுச் சிகிச்சைக்குச் சமமாக இருந்தது. இருபது ஆண்டு கழித்து இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த கோப்ரா ஆய்வு, அனுபவம் குறைந்த ஊழியர்கள் தரும் செயல் தூண்டல், தேர்ந்த சிகிச்சையாளர் தரும் சி.பி.டி.யைவிடக் குறைவில்லை, செலவும் குறைவு என்று உறுதிசெய்தது. குறுகிய முறைகள் பிறந்ததற்கான அறிவியல் நியாயம் இது. அதே சமயம் 'எண்ணத்தைத் திருத்தும் பெக்கின் கோட்பாடே தேவையில்லையா' என்ற சங்கடமான கேள்வியையும் திறந்துவிட்டது.

தமிழில் நடந்த சான்று ஒன்று இங்கே முக்கியம். போரும் சுனாமியும் அடுத்தடுத்துத் தாக்கிய இலங்கையின் வடகிழக்கில், உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் நடந்ததை வரிசையாகக் கதைபோலச் சொல்லிப் பார்த்தார்கள், மற்றவர்கள் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். 2009-இல் வெளியான முடிவு: இரண்டுமே பலன் தந்தன, வித்தியாசம் இல்லை. 31 பேரை வைத்து எதையும் அறுதியிட முடியாது. ஆனாலும் மேற்கத்திய முறை உயர்ந்தது, தியானம் வெறும் துணைக்கருவி என்று சொல்ல நினைப்பவரை அது தயங்கவைக்கிறது.

அதைவிட அதிகம் தயங்கவைப்பது 2012-இல் வந்த இன்னொரு முடிவு. வடக்கு இலங்கையில் 399 பள்ளிப் பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள் வகுப்பறையில் பதினைந்து அமர்வுகள் கொடுத்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகளிலும் மனச்சோர்விலும் பொதுவாகப் பெரிய பலன் தெரியவில்லை. சில பிரிவுகளுக்கு நன்மை இருந்தது. பெண் பிள்ளைகளுக்கோ, அதிர்ச்சி அறிகுறிகள் எதுவும் செய்யாத பிரிவில் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. பேச்சுதானே, பலன் இல்லாவிட்டாலும் பாதகம் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்வது பழக்கதோஷம். தானாக ஆறிவரும் புண்ணைக் கிளறுவதும் பேச்சுதான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வுகளில் டெய்சி சிங்லாவும் மற்றவர்களும் 2017-இல் எழுதியது அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நடந்த 27 ஆய்வுகள், சராசரி விளைவு 0.49. மிதமானது, பொருட்படுத்தத் தக்கது. ஆனால் பல ஆய்வுகளை முறையை உருவாக்கியவர்களே நடத்தினார்கள் என்பதும், ஒப்பிட்ட பக்கத்தில் பல இடங்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத 'வழக்கமான கவனிப்பு' இருந்தது என்பதும் அந்த 0.49-ஐப் படிக்கும்போது நினைவில் இருக்க வேண்டும்.

மூன்று வாரமும் அதற்குப் பிறகும்

'மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்' என்பது இந்தத் துறையைப் பற்றி அதிகம் பரவிய வாசகம். கோவா ஆலோசகர்களுக்கு வகுப்பு மூன்று வாரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஐந்து அமர்வு முறையான பி.எம். பிளஸ்ஸுக்கும் சுமார் 80 மணி நேர வகுப்பு என்றே கையேடு சொல்கிறது. வாசகத்தில் விட்டுப்போவது அதற்குப் பிறகு நடப்பது. கோவாவில் வகுப்பு முடிந்தவர்கள் மாதக்கணக்கில் பயிற்சிக் களத்தில் இருந்தார்கள். அமர்வுகள் ஒலிப்பதிவாகின. வாரம் ஒருமுறை ஆலோசகர்கள் கூடி, ஒருவரின் பதிவை எல்லோரும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். முதலில் நிபுணர் தலைமையில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பிறகு தாங்களே நடத்தினார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண் நிபுணர் போட்டதோடு பெருமளவு ஒத்துப்போனது. நிபுணரின் மேற்பார்வையைக்கூட ஓரளவு கைமாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. மேற்பார்வையே வேண்டாம் என்பதற்கு அல்ல.

வீணை வகுப்பு போலத்தான். ஸ்வரம் எழுதிய புத்தகம் எல்லோரிடமும் இருக்கும். விரல் தப்பும்போது 'திரும்ப வாசி' என்று சொல்ல எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். சான்றுகளில் வெற்றி பெற்ற ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் அந்த எதிர் நாற்காலி இருந்தது. அரசுத் திட்டமாக விரியும்போது முதலில் காலியாவதும் அதுவே.

சொல்லும் கற்க வேண்டிய ஒன்று. ராவல்பிண்டி ஊழியர்கள் மனநோய், சிகிச்சை என்ற சொற்களைத் தவிர்த்துத் தாய்–சேய் நலம் என்றே பேசினார்கள். ஹராரேயில் மக்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த 'குஃபுங்கிசிசா', அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது என்ற சொல்லிலிருந்தே தொடங்கினார்கள். நம்மிடமும் அது உண்டு. 'ஒரே யோசனையா இருக்கு' என்பவர் திட்டம் போடுவதைச் சொல்லவில்லை என்பது எந்தத் தமிழருக்கும் தெரியும். 'நெஞ்சு படபடன்னு வருது', 'தலை பாரமா இருக்கு', 'மனசு சரியில்ல' எல்லாம் நோயின் பெயர்கள்தான், மருத்துவப் புத்தகத்தில் இல்லை அவ்வளவே. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் உளநலப் பணியாளர்களுக்கான பயிற்சியைத் தமிழிலேயே, தமிழ்ச் சமுதாயத்தின் வழக்குகளை வைத்தே அமைத்தது இந்த வகையில் முன்னோடி முயற்சி. தமிழ்நாட்டில் வகுப்புகள் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களின் மேல் தமிழ் வினைச்சொல்லை ஒட்டியே நடக்கின்றன.

பேச்சா, பணமா, தூக்கமா

மூன்றாம் நிலைப்பாடு கேள்வியையே மறுக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் கே.எஸ். ஜேக்கப் போன்றவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மனச்சோர்வு' என்று பெயரிடப்படுவதில் பெரும்பகுதி வறுமைக்கும் கடனுக்கும் வன்முறைக்கும் மனிதர் காட்டும் இயல்பான எதிர்வினை என்று நெடுநாளாக எழுதிவருகிறார்கள். அப்படியானால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் தொழிலாளிக்கு எண்ணத்தை மாற்றக் கற்றுக்கொடுப்பது, வெயிலில் நிற்பவனுக்கு நிழலைப் பற்றி நினைக்கக் கற்றுக்கொடுப்பது போலாகாதா?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கென்யாவின் கிராமங்களில் ஒரு பகுதியினருக்குப் பணமும் ஒரு பகுதியினருக்குப் பி.எம். பிளஸ்ஸும் கொடுத்து 2020-இல் ஹௌஷோஃபர் குழு வெளியிட்ட முடிவில், பணம் பெற்றவர்கள் மனநிலையிலும் முன்னேறினார்கள், பேச்சு பெற்றவர்களிடம் அளக்கத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் அங்கே மனச்சோர்வு உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துப் பேசவில்லை, எல்லோரிடமும் பேசினார்கள். கானாவில் அதேபோலத் தேர்வு செய்யாத ஏழைகளுக்குக் குழுவாகச் சி.பி.டி. கொடுத்தபோது நல்ல பலன் கிடைத்தது. கோவாவிலோ, சிகிச்சை பெற்றவர்களை நான்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப்போய்ப் பார்த்தார்கள். மனச்சோர்வு 11 சதவீதப் புள்ளி குறைவாகவே நீடித்தது. வருமானத்திலோ வேலையிலோ மாற்றமில்லை. ஆக, பேச்சு வறுமையைப் போக்குவதாகத் தெரியவில்லை. வறுமை இருக்கும்போதே மனச்சோர்வு குறையலாம் என்று மட்டும் தெரிகிறது. இரண்டில் ஒன்றைத்தான் அரசு கொடுக்க வேண்டும் என்பது வாதத்துக்காகப் போட்டுக்கொண்ட வேலி.

சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு இந்த விவாதத்துக்கு வேறு வெளிச்சம் தருகிறது. 2021-இல் வெளியான அதில் 452 குறைந்த வருமானக்காரர்களின் தூக்கத்தை அளந்தார்கள். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கியது ஐந்தரை மணி. கொசு, புழுக்கம், சத்தம். தூக்கம் பற்றிய அறிவுரை, கண்மறைப்பு, காதடைப்பு, மின்விசிறி என்றெல்லாம் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது, வேலையிலோ நலத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மாறாக, வேலையிடத்திலேயே மதியம் சற்று நேரம் தூங்க அனுமதித்தவர்களுக்கு வேலைத்திறனும் மனநலமும் கூடின. இதை அப்படியே உருக்கு ஆலைக்கு எடுத்துப்போக முடியாது, அவர்கள் கணினியில் தரவு ஏற்றியவர்கள். என்றாலும் தூக்கமின்மைக்குத் தொழிலாளியைத் தனியே உட்காரவைத்துப் பயிற்சி கொடுப்பதற்கு முன்னால் ஷிப்ட் அட்டவணையை ஒருமுறை பார்க்கலாம் என்று அது சொல்கிறது. நிர்வாகத்துக்கு முதலாவது மலிவு, இரண்டாவது கஷ்டம். மனநலப் பயிற்சிக்கு நிறுவனங்கள் காட்டும் உற்சாகத்தில் இந்தக் கணக்கும் ஓரளவு கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் யார்

அப்படியானால் இங்கே கற்கக்கூடியவர் யார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். 2024-இல் அது தொழிலாளரைத் தேடி மருத்துவமாக ஆலை வாசலுக்கும் நீண்டது. ராவல்பிண்டி மாதிரிக்கு மிக நெருக்கமானவர்கள் இவர்களே: ஏற்கெனவே வீட்டுக்குள் போகிறவர்கள், மாத்திரை என்ற காரணத்தோடு போகிறவர்கள். ஆனால் வேலை நேரத்தில் இடம் ஒதுக்காமல், இருக்கும் சுமையின் மேல் இதையும் ஏற்றினால் முதலில் விழுவது அந்த அரைமணி நேர அமர்வாகத்தான் இருக்கும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்றது. பயிற்சி கொடுக்க வசதியான ஆள் போலத் தெரிவார். ஆனால் அவர் சம்பளம் வாங்குவது நிர்வாகத்திடம். மனசு சரியில்லை என்று அவரிடம் சொல்பவர், அடுத்த முறை காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படும்போது அது யார் காதுக்குப் போகும் என்று யோசிப்பார். சிறு ஆலைகளுக்கோ அந்த அலுவலரும் கிடையாது. ரகசியம் என்ற வகையில் 2022 முதல் இயங்கும் 14416 தொலைபேசி மனநல சேவை மேல். ஆனால் குறுகிய முறைகளுக்குத் தேவை அடுத்த வாரமும் அதே குரல்.

ஊரில் இன்னொரு இடமும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. சென்னையில் 1986-இல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. முகாம்வாசிகளிலிருந்தே தன்னார்வலர்களைத் தேர்ந்து, ஆபத்தில் இருப்பவர்களோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கவும், நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று அவர்களோடு சேர்ந்து ஓர் அட்டையில் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒப்பிட்ட முகாமைவிடத் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. முழுச் சி.பி.டி.யிலிருந்து பார்த்தால் இது ஒரு துணுக்கு. ஆனாலும் கற்றவர் அதே வரிசையில் குடியிருந்தார், அதே தண்ணீர்க் குழாயில் நின்றார். அடுத்த வாரமும் இருந்தார்.

அந்த நெருக்கம் சிப்காட் பக்கம் கிடைப்பது கடினம். உருக்கு ஆலைகளிலும் சிறு பட்டறைகளிலும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். தாளில் ஏழு கட்டம் போடுவதற்கு மொழி தடையில்லை. 'ஒண்ணும் பண்ணல' என்ற பதிலுக்குப் பின்னால் டீ கடை இருக்கிறது என்று ஊகித்து அடுத்த கேள்வி கேட்பதற்கு மொழி வேண்டும். ஒடியா பேசும் தொழிலாளிகளில் ஒருவரையே பயிற்றுவிக்கலாம் என்பது தர்க்கப்படி சரி. ஆனால் கோவாவில் தாய்மார்களுக்குச் சக தாய்மார்களை வைத்துச் செய்த முயற்சியில் பலன், ராவல்பிண்டி ஊழியர்கள் கொடுத்த அளவுக்கு எட்டவில்லை. ஆறு மாதத்தில் ஊர் திரும்பவோ வேறு ஆலைக்கு மாறவோ கூடிய ஒருவரின் கையில், மூன்று வார வகுப்பும் மாதக்கணக்கான களப் பயிற்சியும் எந்தக் கணக்கில் சேரும் என்பதும், அவர் அமர்வின் ஒலிப்பதிவை ஒடியா தெரிந்த யார் உட்கார்ந்து கேட்பார் என்பதும் இன்னும் தீராத கேள்விகள். திருவள்ளூரில் மாத்திரை விழுங்குவதைப் பார்க்க 1999-இலேயே ஆள் போட முடிந்தது. அந்த ஆளுக்கு எதிரே ஒரு நாற்காலி போடுவது எந்தத் துறையின் செலவில் என்பதிலேயே சுகாதாரத் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் நடுவே விஷயம் நிற்கிறது.